சாம்பல் குதிரையின் குவளைகள்

ஸ்கெல்விக்
மார்ச் 8, 1992

என் சிட்டே,

லீட்ஸுக்குப் போய் இத்தனை நாள் ஆன பிறகு இப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. பிடிக்காவிட்டால் சொல்லு, கெய்னர் என்றே எழுதுகிறேன். ஆனால் பேனாவை எடுத்தால் கை அப்படித்தான் எழுதுகிறது.

உன் வக்கீல் அனுப்பின காகிதம் வந்தது. பக்கத்து வீட்டு ஆல்ஃபைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். கண்ணாடி சரியில்லை என்று அவனிடம் சொன்னேன். கண்ணாடி நன்றாகத்தான் இருக்கிறது, அந்த மாதிரி வார்த்தைதான் எனக்கு ஓடாது. என் மகன் கிளெமென்ட் வெரில் உயிரோடு இல்லை என்று நான் நம்புகிறேனாம். கீழே ஒரு கோடு. அதில் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"கோடு மட்டும் நல்லா நேரா போட்டிருக்கான் ஐவி," என்றான் ஆல்ஃப். அவன் வாயைத்தான் உனக்குத் தெரியுமே. ஆனால் அதைச் சொல்லிவிட்டு அவனும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

காகிதத்தைக் கடிகாரத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறேன். நான் போட மாட்டேன், சிட்டு. என்மேல் கோபப்படாதே. ஏழு வருஷம் முன்னால் கடலில் அவன் படகு கிடைத்தது, எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, அவன் டீ பிளாஸ்க் மூடி கழற்றாமல் இருந்தது. அவன் கிடைக்கவில்லை. கிடைக்காத ஒருத்தனைப் பற்றி நான் என்னத்தை நம்புவது?

நம் சாம்பல் குதிரைப் பப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெண்கள் உட்காரும் சின்ன அறைக்கு மேலே கூரை இறங்கிவிட்டது. புறா உள்ளேயே குஞ்சு பொரித்திருக்கிறது. சனிக்கிழமைதோறும் நான் போய்க் கதவைத் திறந்து காற்று விடுகிறேன். பார் பக்கம் மட்டும் இன்னும் நனையவில்லை. ஆளுக்கொன்றாக மாட்டின குவளைகள் எல்லாம் கொக்கியில் அப்படியே இருக்கின்றன. நான் தொடுவதில்லை. தூசிகூடத் தட்டுவதில்லை.

நீ கல்யாணமாகி வந்த முதல் வாரம் தூசி தட்டினாயே, ஞாபகமிருக்கிறதா? என் மாமனார் குவளையைத் துடைத்து, பளபளப்பாக்கி, வாய் அறைப் பக்கம் இருக்கிற மாதிரி மாட்டிவிட்டாய். பப்பில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை. என் ஜோஸ்தான் சிரித்தார். "அடடா, எங்கப்பா எழுந்து வந்துட்டாரு! கிளெம், தாத்தாவுக்கு ஒரு கிளாஸ் ஊத்துடா!" நீ முகம் சிவந்து போய்ச் சமையலறைக்கு ஓடினாய். அன்றைக்குத்தான் நான் உனக்குச் சொன்னேன். உயிரோடு இருப்பவன் குவளை அறையைப் பார்க்கும். செத்தவன் குவளை சுவரைப் பார்க்கும். புதைத்துவிட்டு எல்லோரும் பப்புக்கு வந்ததும், முதல் பீர் ஊற்றும் முன்னால், அந்த வீட்டுப் பெண் எழுந்து போய்த் திருப்பி மாட்டுவாள். பெண்டாட்டி இருந்தால் பெண்டாட்டி, இல்லாவிட்டால் அம்மா. ஜோஸுடையதை நான் திருப்பினேன். கொக்கி வெறுமையாக இருந்தால் அது வேறு. அவனை உள்ளே விடக் கூடாது என்று அர்த்தம். ஆல்ஃப் தம்பி சிட், ஜோஸை ஸ்டூலால் அடித்தானே, அவன் கொக்கி இன்றைக்கும் காலி. செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு, இன்னமும் அவனுக்கு உள்ளே இடமில்லை.

கிளெமுடைய குவளை அறையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. யாரும் திருப்பவில்லை. நீயும் திருப்பவில்லை, நானும் திருப்பவில்லை. அது அப்படியே இருக்கட்டும், சிட்டு. அதனால் யாருக்கு என்ன கஷ்டம்?

அன்புடன்
ஐவி

*

லீட்ஸ்
மார்ச் 15, 1992

ஐவி,

"யாருக்கு என்ன கஷ்டம்" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கஷ்டம். கேட்டதால் சொல்கிறேன்.

எனக்கு முப்பத்தேழு வயது. ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் கரண்டி பிடிக்கிறேன். கூட வேலை செய்கிறவர்கள் "உன் வீட்டுக்காரர் என்ன செய்றாரு?" என்று கேட்டால் என்ன சொல்வேன்? இருக்கிறார் என்றால் பொய். இல்லை என்றாலும், சட்டப்படி அதுவும் பொய். நான் விதவையும் இல்லை, மனைவியும் இல்லை. டெனிஸ் நல்லவன். இரண்டு வருஷமாக என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவனுக்கும் என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை.

பப் கிளெம் பேரில் இருக்கிறது. அவன் இல்லையென்று ஆகும்வரை ஒரு ஓடுகூட மாற்ற யாருக்கும் உரிமை கிடையாது. விற்கவும் முடியாது, திறக்கவும் முடியாது. அது மழையில் கரைவதை நீங்கள் சனிக்கிழமை சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருகிறீர்கள். அதற்குப் பேர் காத்திருப்பதா?

டெனிஸ் கட்டட வேலை தெரிந்தவன். அவன் படம் போட்டு வைத்திருக்கிறான். சின்ன அறைச் சுவரை எடுத்துவிட்டு, கடலைப் பார்த்துப் பெரிய ஜன்னல். பின்னால் ஒழுங்கான சமையலறை. கோடையில் கடலோரமாக நடந்து வருகிற வெளியூர்க்காரர்கள் மீன் வறுவல் கேட்டுத் திரும்பிப் போகிறார்கள் என்று நீங்களேதான் எழுதியிருந்தீர்கள். நான் ஸ்கெல்விக்குக்குத் திரும்பி வருகிறேன், ஐவி. அதைத்தான் கேட்கிறேன். ஓடிப்போகவில்லை, வருகிறேன்.

நான் அவனைக் கொல்லவில்லை. கடல்தான் கொன்றது. ஒரு கையெழுத்துப் போடுங்கள்.

கெய்னர்

*

ஸ்கெல்விக்
ஏப்ரல் 26, 1992

என் சிட்டே,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். ஆல்ஃபிடம் கொடுக்கவில்லை. நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். பதில் போடத் தாமதமானதற்கு அதுதான் காரணம். கோபம் இல்லை.

ஒரு செய்தி. கவுன்சிலிலிருந்து ஒரு பெண் வந்தாள். மிஸ் லோர்ன் என்று பேர். மழைக்கோட்டு, ஆண்பிள்ளை பூட்ஸு, தலைமுடி ஈரமாகவே இருந்தது. சாவி என்னிடம் இருக்கிறது என்று தபால்காரன் சொல்லிவிட்டான். நான் கதவைத் திறந்தேன். அவள் உள்ளே வந்ததும் தரை ஓடு மேல் மண்டி போட்டு உட்கார்ந்தாள். பிறகு சின்ன அறைக் கண்ணாடியில் கை வைத்தாள். அந்தப் பூப் போட்ட கண்ணாடிதான், உள்ளே யார் குடிக்கிறாள் என்று புருஷனுக்குத் தெரியாமல் இருக்கத்தானே அதைப் போட்டது. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"மிசஸ் வெரில், இதெல்லாம் யாரும் மாத்தலையா?"

"யாரு மாத்துவாங்க கண்ணு? எல்லாரும் குடிக்கத்தான வந்தாங்க."

ஆல்ஃப் வாசலில் நின்று, "கீழ பாத்து நட பொண்ணே, அது பழைய காலத்துத் தரையில்ல, புறா எச்சம்," என்றான். அவள் சிரித்துவிட்டாள்.

இதைப் பாதுகாக்க வேண்டிய கட்டடம் என்று எழுதப் போகிறாளாம். எழுதிவிட்டால் ஒரு ஆணியைக்கூட அவளைக் கேட்காமல் பிடுங்க முடியாதாம். சுவரை எடுக்க முடியாது, பெரிய ஜன்னல் வைக்க முடியாது. உன் டெனிஸுக்கு வருத்தமாக இருக்கும். எனக்கு எப்படி இருந்தது என்று மறைக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து கேக் சுட்டேன். கிளெம் போன பிறகு நான் கேக் சுட்டதே இல்லை.

இனி நீயும் கேட்க வேண்டாம், நானும் போட வேண்டாம். அது இருக்கிறபடி இருக்கும்.

ஐவி

*

லீட்ஸ்
மே 10, 1992

ஐவி,

கேக் சுட்டீர்கள் என்று படித்ததும் உங்களுக்கு எழுதாமலே விட்டுவிடலாமா என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

மிஸ் லோர்ன் எனக்கும் எழுதியிருக்கிறார். பாதுகாப்பது என்றால் அப்படியே விட்டுவிடுவது இல்லை, ஐவி. இனிமேல் அது விழக் கூடாது என்று சட்டம். அவ்வளவுதான். கூரை போட்டே ஆக வேண்டும். பொறுப்பானவர் யாரும் இல்லையென்றால் கவுன்சிலே ஆளை விட்டுச் செய்துவிட்டு, கட்டடத்தை எடுத்துக்கொள்ளும். யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கும். அப்புறம் உங்களிடம் சாவிகூட இருக்காது.

டெனிஸ் படத்தைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டான். "உன் மாமியா கேட்டதும் நடக்கல, நான் கேட்டதும் நடக்கல. கல்லு ஜெயிச்சுடுச்சு," என்றான்.  அவன் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நீங்கள் கையெழுத்துப் போட்டால் கட்டடம் என் பேருக்கு வரும். அவர்கள் சொல்கிற மாதிரியே, சுவரை எடுக்காமல், நாங்கள் சரிசெய்வோம். சாவி உங்களிடமே இருக்கும். என்னால் இவ்வளவுதான் முடியும். 

கெய்னர்

*

ஸ்கெல்விக்
ஜூன் 21, 1992

சிட்டு,

போட்டுவிட்டேன்.

புகைபோக்கி சரிந்து பார் பக்கமும் தண்ணீர் இறங்க ஆரம்பித்துவிட்டது. வாளி வைத்துப் பார்த்தேன். பிறகு ஆல்ஃபும் நானும் குளிக்கிற தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தோம். அவன் வழுக்கி விழுந்து, தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, "சோப்பு கொண்டா ஐவி, எப்படியும் சனிக்கிழமதான்," என்றான். சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது மேலே பார்த்தேன். கிளெமுடைய குவளைக்குள் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து கடிகாரத்துக்குப் பின்னால் கையை விட்டேன். நம்புகிறேன் என்று போட்டிருக்கிறது. நான் நம்பவில்லை. என் பேரைத்தான் எழுதினேன். அது என் பேர், அதில் பொய் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். குவளைகளை அங்கேயே விடச் சொல்லு.

ஐவி

*

லீட்ஸ்
நவம்பர் 1, 1992

அம்மா,

ரொம்ப நாள் கழித்து இப்படிக் கூப்பிடுகிறேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

நீதிமன்றம் முடிந்தது. அந்த நீதிபதிக்குச் சளி. மூக்கைச் சிந்திக்கொண்டே படித்தார். கிளெம் காணாமல் போன வருஷத்தையும் மாதத்தையும் சொல்லி, அதோடு அவன் முடிந்தான் என்று சொன்னார். நான் வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். லேசாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பஸ் வந்ததைக்கூடப் பார்க்கவில்லை. போய்விட்டது.

டெனிஸ் கூரையைப் போட்டுக்கொண்டிருக்கிறான். நீங்கள் அவனுக்குத் தினமும் டீ கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள் என்று சொன்னான். "ஒரு வார்த்தை பேச மாட்டாங்க, ஆனா சர்க்கரை எத்தனைன்னு மறக்க மாட்டாங்க," என்றான்.

குவளைகளை அங்கேயே விட முடியவில்லை, அம்மா. கேட்டுப் பார்த்தேன். மேலே உத்தரத்தில் வேலை இருப்பதால் இறக்கித்தான் ஆக வேண்டுமாம். பயப்படாதீர்கள். எந்தக் குவளை எந்தக் கொக்கியில் இருந்தது என்று மிஸ் லோர்ன் தன் கையாலேயே எண் கட்டி, துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறார். ஒன்றும் மாறாது என்று சத்தியமே செய்தார். வசந்தத்தில் திரும்ப மாட்டிவிடுவார். அதற்குள் நானும் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவேன்.

கிளெம் போனபோது அவனுக்கு ஒரு அடக்கம்கூட இல்லை. நாம் இரண்டு பேரும் பப்பில் போய் உட்காரவும் இல்லை. அதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

கெய்னர்

*

ஸ்கெல்விக்
ஏப்ரல் 18, 1993

என் சிட்டே,

நேற்று, வேலை முடிந்த பப்பை ஊருக்குக் காட்டின அன்றைக்கு, நீ வருவாய் என்று நினைத்திருந்தேன். நீ இன்னும் வேலையை விடவில்லை, சமையல்கட்டில் ஆள் இல்லை, விடுப்புக் கிடைக்கவில்லை என்று டெனிஸ் சொன்னான். சரி என்றேன். அதுதான் காரணமா என்று நான் கேட்கவில்லை.

பப் அழகாக இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கூரை ஒழுகவில்லை, தரை ஓடு மினுங்குகிறது, பூக்கண்ணாடியை எப்படியோ ஒட்டவைத்திருக்கிறார்கள். நம் காலத்தில்கூட இவ்வளவு நன்றாக இருந்ததில்லை. சுத்தம் செய்த வாடைதான் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. ஆல்ஃப் மோந்து பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரில செத்த மாதிரி இருக்கு, நாலு நாள் சுருட்டுப் புடிச்சா சரியாயிடும்," என்றான். ஊரே வந்திருந்தது. மிஸ் லோர்ன் புது உடுப்புப் போட்டிருந்தாள், பூட்ஸு மட்டும் அதேதான். என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்.

பாருக்கு மேலே பார்த்தேன். குவளைகள் எல்லாம் இருந்தன. அவள் சத்தியம் செய்தபடியே ஒவ்வொன்றும் அதனதன் கொக்கியில்தான் இருந்தது. வெள்ளி மாதிரிப் பளபளத்தது. எல்லாம் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தன, சிட்டு. எல்லாமே. ஜோஸ், ஜோஸின் அப்பா, டாம் கிராப்ட்ரீ, போரில் போன அந்த ஹாட்ஜன் அண்ணன் தம்பிகள். எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு, இன்றைக்கு ராத்திரி வந்துவிடுவோம் என்கிற மாதிரி.

ஆல்ஃப் தொப்பியைக் கழற்றினான். "ஐயோ ஐவி," என்றான். "இத்தன பேருக்கு எங்க போயி பீர் வாங்குவ?"

அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான், ஆனால் அவன் குரல் சரியில்லை.

மிஸ் லோர்னுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு பழைய போட்டோவைக் காட்டினாள். எங்கேயோ தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள், பாவம். அதைப் பார்த்து அப்படியே மாட்டியிருக்கிறாள். அந்தப் போட்டோவில் எல்லாக் குவளையும் அறையைத்தான் பார்க்கின்றன, அது உண்மை. என் மாமனார் முதன்முதலாகக் கொக்கி அடித்த அன்றைக்கு எடுத்தது அது. எடுத்த அன்றைக்கு எல்லோரும் உயிரோடு இருந்தார்கள்.

நான் சொன்னதும் அவள் முகம் வெளுத்துப் போச்சு. "மிசஸ் வெரில், என்ன மன்னிச்சிடுங்க. யாருமே எங்கிட்ட சொல்லல." உண்மைதான். யாரும் சொல்லவில்லை. ஸ்கெல்விக்கில் அதை யாரும் யாரிடமும் சொல்வதில்லை, பார்த்தாலே தெரியும் என்றிருந்தோம். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது. நான் அவள் கன்னத்தைத் தட்டி, "ஸ்டூல எடுத்துப் போடு கண்ணு," என்றேன்.

என்னைத்தான் ஏறச் சொன்னார்கள். அந்தந்த வீட்டுப் பெண்கள் பாதிப் பேர் இப்போது இல்லை, எல்லோருக்கும் சேர்த்து நீயே திருப்பிவிடு ஐவி என்றார்கள். டெனிஸ் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான். செத்தவர்களுடையதை நான் ஒவ்வொன்றாக எடுத்தேன். ஆல்ஃப் கீழே நின்று பேரைச் சொன்னான். நான் திருப்பி மாட்டினேன். அடக்கத்தில் நிற்கிற மாதிரி எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஜோஸுடையதை இரண்டாவது தடவையாகத் திருப்பினேன். அது முதல் தடவையைவிட லேசாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. ஆல்ஃப் தம்பியின் கொக்கி மட்டும் காலி. ஆல்ஃப், "இவனுக்கு ஒரு வேலையும் இல்ல, தாண்டிப் போ," என்றான், நான் தாண்டிப் போனேன்.

கடைசியில் கிளெம்.

கையில் எடுத்தேன். ஆல்ஃப் பேரைச் சொல்லவில்லை. 

சிட்டு, நான் இதை உனக்கு எப்படி விளங்க வைப்பேன். ஏழு வருஷத்துக்கு மேல் அந்தக் குவளை அறையைப் பார்த்தது என்றால், அதை அப்படி வைத்தது யாரும் இல்லை. கடலுக்குப் போகிற முந்தின நாள் ராத்திரி குடித்துவிட்டு அவனே மாட்டினது அது. அவன் கையால் மாட்டினது. நாம் தொடாத வரைக்கும், நான் இருக்கிறேன் என்று அவன் சொன்னது சொன்னபடி இருந்தது. நான் ஒன்றையும் நம்ப வேண்டியிருக்கவில்லை, பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இப்போது அதை எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டார்கள். இனி யாராவது ஒருத்தர் மாட்டினால்தான் உண்டு.

அறைப் பக்கம் மாட்டலாம். மாட்டினால், நான் போட்ட கையெழுத்து பொய், நீதிபதி சொன்னது பொய், நீ இந்தப் பப்புக்குள் டெனிஸோடு வந்து நிற்பதும் தப்பாகிவிடும். உன்னை அப்படி நிற்க வைக்க எனக்கு மனசில்லை. சுவர்ப் பக்கம் மாட்டலாம். என் கை மேலே போனது, சிட்டு. கொக்கி வரைக்கும் போனது. அதற்கு மேல் போகவில்லை. மாட்டாமலே விட்டுவிடலாம் என்றால், காலிக் கொக்கிக்கு என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும். அவன் யாரையும் ஸ்டூலால் அடிக்கவில்லையே. அவன் வந்தால் உள்ளே விடாதே என்று நானா சொல்வேன்?

"பரவாயில்ல மிசஸ் வெரில், அவசரமே இல்ல," என்றாள் மிஸ் லோர்ன். டெனிஸ் என்னை இடுப்பில் பிடித்து இறக்கிவிட்டான்.  நல்ல பையன்தான். எனக்கு அது முன்பே தெரியும், உன்னிடம் எழுதியதில்லை. குவளையை ஏப்ரனில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அது சமையலறை மேஜையில், டீக் கெட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கவிழ்த்து வைக்கவும் மனம் வரவில்லை, நிமிர்த்தி வைக்கவும் மனம் வரவில்லை. படுக்க வைத்திருக்கிறேன். உருண்டு விழாமல் இருக்க இரண்டு பக்கமும் துணி வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பப் திறக்கிறது. அதற்குள் கொக்கியில் அதை எந்தப் பக்கமாவது மாட்ட வேண்டும். ஊர் வழக்கப்படி பெண்டாட்டிதான் திருப்ப வேண்டும், அம்மா இல்லை. இந்த வேலை உன்னுடையது, உனக்காக நான் செய்யவா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். நீ வருவாயோ மாட்டாயோ, அதையும் நான் கேட்கப் போவதில்லை. இதை மட்டும் எழுது.

எந்தப் பக்கம் மாட்டட்டும், சிட்டு?

ஐவி